ஸ்கோர் போர்டு: இந்த வாரம் பேஸ்பால் கேள்வி – பதில்

டெட் வில்லியம்ஸ் '406 அடித்தார்' என்று படித்தேன். 406 ரன்னா? ஒரே ஆட்டத்திலா?
– மயிலாப்பூர் வாசகர்

ரன் இல்லை, சராசரி. அதுவும் நம் கிரிக்கெட் சராசரி மாதிரி ரன்னை அவுட்டால் வகுப்பது கிடையாது. எத்தனை ஹிட் (தன் அடியால் அவுட் ஆகாமல் பேஸ் என்னும் முனைக்கு ஓடிச் சேர்வது) என்பதை எத்தனை 'அட் பேட்' (மட்டை பிடிக்கும் முறை) என்பதால் வகுக்க வேண்டும். 10 அட் பேட்டில் 3 ஹிட் என்றால் 0.300. முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விட்டுவிட்டு 'த்ரீ ஹண்ட்ரட்' என்று வாசிப்பார்கள்.

கணக்கு போடும்போது எல்லோரும் சறுக்குவது அட் பேட்டில்தான். நான்கு பந்து வெளியே போய் 'வாக்' கிடைத்தாலோ, பந்து உடம்பில் பட்டு முதல் பேஸுக்குப் போனாலோ, சகாவை அடுத்த பேஸுக்கு நகர்த்தத் தன் விக்கெட்டைத் தாரை வார்க்கும் 'சாக்ரிஃபைஸ்' அடித்தாலோ அது அட் பேட்டில் சேராது. ஒருவர் 5 முறை மட்டையோடு வந்து, 2 வாக், 1 ஹிட், 2 அவுட் என்றால் சராசரி 5-ல் 1 இல்லை; 3-ல் 1, அதாவது 0.333.

இப்போது 1941 செப்டம்பர் 28-க்கு வருவோம். சீசனின் கடைசி நாள், பிலடெல்பியாவில் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு ஒரே நாளில் இரண்டு ஆட்டம். அதுவரை வில்லியம்ஸ் 448 அட் பேட்டில் 179 ஹிட். வகுத்துப் பாருங்கள்: 0.39955. மூன்று இலக்கத்துக்குச் சுருக்கினால் 0.400 என்றே ஏட்டில் ஏறியிருக்கும். பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். களமிறங்கி, முதல் முறையே அவுட் ஆனால் 449-ல் 179, அதாவது 0.399 என்று கையைவிட்டுப் போய்விடும். அவர் இறங்கினார். முதல் ஆட்டத்தில் 5-க்கு 4, இரண்டாவதில் 3-க்கு 2. மொத்தம் 456-ல் 185; அதுதான் அந்த 0.406.

ஒரு கொசுறு: அன்றைய விதியில் 'சாக்ரிஃபைஸ் ஃப்ளை' சலுகை கிடையாது. உயரத் தூக்கி அடித்து கேட்ச் ஆகி, மூன்றாம் பேஸில் நின்றவரை ரன் எடுக்க வைத்தாலும் அது ஒரு அட் பேட்தான். 1954-ல்தான் அந்த விதி திரும்ப வந்தது. இன்றைய கணக்கில் வில்லியம்ஸின் எண் இன்னும் கொஞ்சம் ஏறும். அவருக்குப் பிறகு அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற இரண்டு பெரிய லீகுகளிலும் யாரும் 0.400-ஐத் தொடவில்லை. 1994-ல் டோனி க்வின் 0.394 வரை வந்தார். வேலைநிறுத்தத்தால் ஆகஸ்டிலேயே சீசன் நின்றுபோனது.

ராஜர் மாரிஸின் சாதனைக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டார்களாமே, உண்மையா?
– பெரம்பூர் வாசகி

குறி போடவே இல்லை. ஆனால் போட்டதாக ஊரே நம்புகிறது. 1927-ல் பேப் ரூத் ஒரே சீசனில் 60 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி எல்லைக்கு வெளியே பறக்கும் அடி) அடித்தபோது சீசனுக்கு 154 ஆட்டம். 1961-ல் அமெரிக்கன் லீக் அதை 162 ஆக்கியது. அந்த வருடம் மாரிஸ் விரட்டிக்கொண்டு வர, கமிஷனர் ஃபோர்ட் ஃப்ரிக் ஜூலையில் ஓர் அறிவிப்பு விட்டார்: 154 ஆட்டத்துக்குள் தாண்டாவிட்டால் இரண்டும் தனித்தனிச் சாதனையாகவே பதிவாகும். 154 ஆட்டம் முடிந்தபோது மாரிஸ் 59. கடைசி நாளான அக்டோபர் 1 அன்று 61. ஏட்டில் இரண்டு வரி, குறி எதுவும் இல்லை. அந்தப் பிரிவினையையும் 1991-ல் நீக்கிவிட்டார்கள். அதைப் பார்க்க மாரிஸ் உயிரோடு இல்லை, 1985-லேயே காலமாகிவிட்டார்.

ஃப்ரிக், ரூத்தின் நெருங்கிய நண்பர். அவர் பெயரில் வந்த எழுத்துக்குப் பேனா பிடித்தவர். நடுவர் வேலைக்கு இது அழகில்லை என்பது நம் கட்சி.

ஹேங்க் ஏரனின் 715-வது ஹோம் ரனுக்கு ஏன் அத்தனை பரபரப்பு? பிறகு பாரி பாண்ட்ஸ் 762 வரை போய்விட்டாரே?
– திருவல்லிக்கேணி வாசகர்

உங்கள் பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 1983 டிசம்பரில் சேப்பாக்கத்தில் கவாஸ்கர் 30-வது டெஸ்ட் சதம் அடித்து பிராட்மேனின் 29-ஐத் தாண்டினாரே, அந்த மாதிரித் தருணம். ஒரே வித்தியாசம், கவாஸ்கருக்குக் கொலை மிரட்டல் வரவில்லை. ஏரன் 1973 சீசனை 713-ல் முடித்தார்; ரூத்தின் வாழ்நாள் கணக்கான 714-க்கு ஒன்று பாக்கி. வெள்ளைக்கார நாயகனின் சாதனையைக் கறுப்பர் ஒருவர் தொடுவதா என்று அந்தக் குளிர்காலம் முழுக்க வசைக் கடிதங்களும் மிரட்டல்களும் மூட்டை மூட்டையாக வந்தன. 1974 சீசனின் முதல் நாளே சின்சினாட்டியில் 714. ஏப்ரல் 8 அன்று தன் அணியின் ஊரான அட்லாண்டாவில், டாட்ஜர்ஸ் பிட்சர் ஆல் டௌனிங் பந்தில் 715.

ஒரு சீசனில் ஏரன் 50 ஹோம் ரன் அடித்ததே இல்லை, அதிகபட்சம் 47. மொத்தம் 755 ஆனது வருடா வருடம் சலிக்காமல் சேர்த்ததால்தான். இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். அவருடைய மொத்த ஹிட் 3,771. அதில் 755 ஹோம் ரன்னையும் கழித்துவிட்டாலும் 3,016 மிஞ்சும். 3,000 ஹிட் என்பதே ஒருவரை உச்சாணியில் வைக்கும் எண். பாண்ட்ஸின் 762 ஏட்டில் இருக்கிறது; ஊக்கமருந்துப் புகாரும் கூடவே இருக்கிறது.

சரியாக 3,000 ஹிட்டோடு நின்றவர் யார்?
– அடையாறு வாசகி

பிட்ஸ்பர்க்கின் ரொபர்டோ கிளமென்டே. 1972 செப்டம்பர் 30 அன்று 3,000-வது ஹிட். அடுத்த வருடம் தொடரலாம் என்று இருந்தவர், நிகரகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப்போன விமானம் விழுந்து டிசம்பர் 31 அன்று இறந்தார். ஹால் ஆஃப் ஃபேம் என்னும் ஜாம்பவான்கள் பட்டியலில் சேர்க்க 5 வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி 1973-லேயே சேர்த்தார்கள்.

'பெர்ஃபெக்ட் கேம்', 'நோ ஹிட்டர்' இரண்டும் ஒன்றுதானே?
– குரோம்பேட்டை வாசகர்

இல்லை. எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தராவிட்டால் நோ ஹிட்டர். வாக் கொடுத்திருக்கலாம், ஃபீல்டர் சொதப்பி ஆளை விட்டிருக்கலாம். பெர்ஃபெக்ட் கேம் என்றால் 9 இன்னிங்ஸில் 27 பேர் வந்து 27 பேரும் திரும்ப வேண்டும், ஒருவரும் முதல் பேஸில் நிற்கக் கூடாது. நோலன் ரையன் 7 நோ ஹிட்டர் வீசியவர், ஒன்றுகூட பெர்ஃபெக்ட் இல்லை. சீசன் முடிவில் நடக்கும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் பெர்ஃபெக்ட் கேம் வீசியவர் ஒரே ஒருவர்: 1956 அக்டோபர் 8, டான் லார்சன்.

கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போனதுதான் அதிகம் பேசப்படுகிறது. 2010 ஜூன் 2, டெட்ராய்ட். அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அனுப்பிவிட்டார். 27-வது ஆள் ஜேசன் டொனால்ட், முதல், இரண்டாம் பேஸ்களுக்கு நடுவே தரையோடு அடித்தார். முதல் பேஸைக் காக்க வேண்டிய மிகேல் கப்ரேராவே பந்தை எடுக்க அந்த இடைவெளிக்கு ஓடினார். பேஸ் காலி. இப்படி ஆனால் பிட்சர் மேட்டிலிருந்து இறங்கி ஓடிப்போய் பேஸை மிதிக்க வேண்டும். பந்து தன்னிடம் வரவில்லையே என்று ஒரு நொடி நின்றுவிட்டால் ஆள் தப்பிவிடுவார். கலராகா நிற்கவில்லை. கப்ரேரா எறிய, ஓடிக்கொண்டே பிடித்து பேஸை மிதித்தார். டொனால்டின் கால் படும் முன்பே. அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இரண்டு கையையும் விரித்து 'சேஃப்' என்றார்.

கலராகா லேசாகச் சிரித்துவிட்டு அடுத்தவருக்குப் பந்து வீசப் போனார். ரீப்ளே பார்த்ததும் ஜாய்ஸ் தன் தவறை ஒப்புக்கொண்டு அழுதார். மறுநாள் அணிப் பட்டியலை அம்பயரிடம் கொடுக்க கலராகாவே போனார். தீர்ப்பு மட்டும் மாறவில்லை. இப்படிப்பட்ட தீர்ப்புகளையும் ரீப்ளேவில் சரிபார்க்கும் முறை 2014-ல் வந்தது.

எந்த அணியிலும் 42-ம் நம்பர் சட்டை இல்லையே, ராசியில்லாத எண்ணா?
– வில்லிவாக்கம் வாசகர்

ராசி பார்ப்பது நம் ஊரோடு சரி. அது ஜாக்கி ராபின்சனின் எண். கறுப்பர்களுக்குப் பூட்டியிருந்த மேஜர் லீக் கதவை 1947 ஏப்ரல் 15 அன்று திறந்தவர். 50 வருடம் கழித்து, 1997-ல் எல்லா அணிகளும் அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்தன. அப்போது அணிந்திருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்றார்கள். கடைசியாகக் கழற்றியவர் மரியானோ ரிவேரா, 2013-ல். ஏப்ரல் 15 அன்று ஆட்டம் பார்த்தால் குழம்பாதீர்கள், அன்று எல்லோருமே 42 அணிவார்கள்.

இந்தியர் யாராவது உண்டா?
– ஆவடி வாசகர்

2008-ல் பந்தெறியும் போட்டி ஒன்றில் தேர்வாகி ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸோடு ஒப்பந்தம் போட்டார்கள். (ஐபிஎல் ரிங்கு சிங் வேறு ஆள்.) இருவரும் ஈட்டி எறிந்தவர்கள். கிரிக்கெட் பவுலர் முழங்கையை மடக்கி நீட்டக் கூடாது. பேஸ்பால் பிட்சர் மடக்கி வீசித்தான் வேகம் எடுக்கிறார். அதனால் ஈட்டிக்காரரின் தோள் இதற்குச் சீக்கிரம் பழகும். மேஜர் லீக் ஆட்டம் வரை இருவரும் எட்டவில்லை.

சென்னையிலிருந்து எப்போது பார்ப்பது? வீட்டில் ஸ்கோர் எழுத முடியுமா?
– மடிப்பாக்கம் வாசகி

நியூயார்க்கில் மாலை 7:05 ஆட்டம் என்றால் நமக்கு மறுநாள் காலை 4:35, பால் பாக்கெட் வரும் நேரம். லாஸ் ஏஞ்சலஸ் 7:10 என்றால் நமக்குக் காலை 7:40.

ஸ்கோர் எழுத ஒரு கட்டம் போட்ட நோட்டு போதும். இந்த முறையை வளர்த்தவர் ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு (மூன்று ஸ்ட்ரைக், அதாவது அடிக்க வேண்டிய மூன்று பந்தைத் தவறவிட்டு அவுட் ஆவது) ஆங்கிலக் 'கே' எழுத்து. மட்டையை வீசாமல் வேடிக்கை பார்த்து அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போடுவார்கள். ஃபீல்டர்களுக்கு எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட் ஸ்டாப் 6. புதிதாக எழுதுபவர்கள் இவருக்கு 5 போட்டு மொத்தத்தையும் குழப்பிக்கொள்வார்கள். வெளியே இடமிருந்து வலமாக 7, 8, 9. இவை நிற்கும் இடத்தின் எண்கள், சட்டை நம்பரோடு சேர்க்காதீர்கள். யார் எடுத்து யாருக்கு எறிந்தார் என்பதை வரிசையாக எழுதுங்கள்: 6-4-3 என்றால் ஷார்ட் ஸ்டாப் எடுத்து, இரண்டாம் பேஸ் வழியாக முதல் பேஸுக்கு, இரண்டு பேர் அவுட். மேலே சொன்ன கலராகா பந்துக்கு ஜாய்ஸ் கையை உயர்த்தியிருந்தால், நோட்டின் கடைசிக் கட்டத்தில் 3-1 என்று இருந்திருக்கும்.