ஒரு கண் தூரத்துக்கு, ஒரு கண் கிட்டத்துக்கு: மோனோவிஷன் லேசர் கேள்வி பதில்

கண் பரிசோதனை என் தொழில். 47 வயதில் நானே மோனோவிஷன் செய்துகொண்டு 6 வருடம் ஆகிறது.

மேடம், வயது 44, மைனஸ் 4 பவர். லேசர் செய்தால் கண்ணாடியே வேண்டாமாமே, அப்புறம் மோனோவிஷன் எதற்கு?

இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படிக்கிறீர்கள் அல்லவா? இரண்டு கண்ணையும் தூரத்துக்கே சரிசெய்தால் அது போய்விடும். லேசர் கருவிழியின் வளைவைத்தான் மாற்றும். வெள்ளெழுத்தோ, அதாவது வயதாக ஆகக் கிட்டத்து எழுத்து மங்குவது, கண்ணுக்குள்ளே இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது. அதனால்தான் ஒரு கண்ணில் மைனஸ் 1.5 போல வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். அந்தக் கண்ணுக்குச் சுமார் 67 செ.மீ. தூரம் தெளிவாக இருக்கும். கணினிக்கு அருமை. ஆனால் வயது ஏற ஏற, ஊசியில் நூல் கோக்க ரீடிங் கிளாஸ் தேடுவீர்கள்.

எந்தக் கண்ணை எதற்கு வைப்பார்கள்?

இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டுக் கையை நீட்டி, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் மறைகிறதோ, அதுதான் முதன்மைக் கண். வழக்கமாக அது தூரத்துக்கு.

இரவில் வாடகை கார் ஓட்டுகிறேன் அக்கா. செய்யலாமா?

தம்பி, அவசரப்படாதீர்கள். ஆழம் கணிப்பது கொஞ்சம் குறையும், எதிர் விளக்குகளைச் சுற்றி ஒளி பரவும். முதலில் காண்டாக்ட் லென்ஸில் இதே ஏற்பாட்டை இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள். அந்த நாட்களில் இரவு வண்டி வேண்டாம். மாடிப்படி இறங்குங்கள், பில் படியுங்கள். ஒத்துவராவிட்டால் லென்ஸைக் கழற்றினால் போதும். லேசரை அப்படிக் கழற்ற முடியாது. ஒத்துவந்தாலும் இரவுக்கென்று தனிக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள்.

செய்து 3 வாரம். ஏதோ சரியில்லாத மாதிரியே இருக்கிறது.

எனக்கும் இருந்தது. முதல் மாதம் டம்ளரிலிருந்து ஊற்றிய காபி டபராவுக்கு வெளியே போகும். மூளை பழக 3 மாதம்கூட ஆகலாம். ஒவ்வொரு கண்ணாக மூடி ஒப்பிடுவதை மட்டும் நிறுத்துங்கள். வலியோ திடீர் மங்கலோ இருந்தால் இன்றே மருத்துவரிடம் போங்கள்.

ஆயுசுக்கும் தாங்குமா?

வெள்ளெழுத்து 60 வயதுவாக்கில்தான் நிலைக்கு வரும். அதுவரை கிட்டப் பார்வை குறைந்துகொண்டே போகும். அப்புறம் ஒன்று, சரி, எல்லாருக்குமே சொல்கிறேன்: லேசருக்கு முந்தைய கருவிழி அளவுகளையும் பவர் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் கண்புரை வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அவை மிகவும் உதவும்.