சமனிலியில் அடையாளம் ஏன் திரும்புகிறது?

அன்புள்ள ஐயா,

என் மகள் பத்தாம் ஆண்டில் படிக்கிறாள். சமனிலிக் கணக்கில், அதாவது எது சிறிது எது பெரிது என்று <, > அடையாளம் போட்டு எழுதும் கணக்கில், மறை எண்ணால் (கழித்தல் குறி உள்ள எண்ணால்) வகுத்தால் அந்த அடையாளத்தைத் திருப்ப வேண்டும் என்று கொப்பியில் சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, “அது விதி, பாடமாக்கு” என்றார்களாம். சோதனையில் திருப்பக் கூடாத இடத்திலும் திருப்பிவிட்டு வந்து அழுகிறாள். நான் சாதாரண தரத்தோடு கணிதத்தை விட்டவள். எப்படி விளங்கப்படுத்துவது?

ஒரு தாய், கோண்டாவில்

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் ஏன் என்று கேட்டாளே, அதுவே எனக்குப் பெரிய சந்தோசம். காரணம் உங்கள் வளவுக்குள்ளேயே இருக்கிறது. அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நிலமட்டம் பூச்சியம். அதற்கு மேலே நேர் எண்கள், கீழே மறை எண்கள். மாரி முடிந்த கையோடு தண்ணீர் 3 மீற்றர் ஆழத்தில் நிற்கிறது, ஆவணியில் 5 மீற்றருக்கு இறங்கிவிடுகிறது என்று வைப்போம். எந்த ஆழம் கூட? ஐந்து. எந்தத் தண்ணீர் மேலே நிற்கிறது? மூன்றில் நிற்பது. ஆழத்தைச் சொன்னால் 3 < 5. மட்டத்தைச் சொன்னால் −3 > −5. கிணறும் அதே, தண்ணீரும் அதே. கயிறு நீள நீள வாளி கீழேதான் போகும். மறை எண்ணால் பெருக்குவதும் வகுப்பதும் எண்கோட்டைப் பூச்சியத்தில் பிடித்துப் புரட்டுகிற வேலை. புரட்டினால் முன்னுக்கு நின்றது பின்னுக்குப் போகும். சமன்பாட்டில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நிற்பதால் புரட்டினாலும் பிரிவதில்லை. அதனால்தான் அங்கே இந்தத் தொல்லை வரவில்லை.

சரி, இனி கணக்கு. தெரியாத எண்ணை ‘ம’ என்று எழுதுகிறேன்.

7 − 2ம < 15

இரு பக்கமும் 7 ஐக் கழித்தால் −2ம < 8. மறை 2 ஆல் வகுக்கும்போது புரட்டுகிறோம்: ம > −4.

மகளுக்கு இன்னும் சந்தேகம் என்றால் புரட்டாமலே செய்து காட்டுங்கள். 2ம ஐ இரு பக்கமும் கூட்டினால் 7 < 15 + 2ம. பிறகு 15 ஐக் கழித்தால் −8 < 2ம. 2 ஆல் வகுத்தால் −4 < ம. அதே விடை! இதைத் தன் கையால் ஒருமுறை செய்த பிள்ளைக்குச் சிவப்பு மை தேவைப்படாது.

அவள் சோதனையில் பிழைத்த இடம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். 2ம < −8 போன்ற ஒன்றாக இருக்கும். கழித்தல் குறியைக் கண்டவுடன் கை தானாகத் திருப்பிவிடுகிறது. இங்கே வகுப்பது நேர் 2 ஆல். எதையும் புரட்டவில்லை, ம < −4 தான். எந்த எண் கணக்கில் இருக்கிறது என்று பார்க்க வேண்டாம், எந்த எண்ணால் வகுக்கிறோம் என்று பார்க்கச் சொல்லுங்கள். விடை வந்தபின் ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பதும் நல்ல பழக்கம். முதல் கணக்கில் ம க்குப் பூச்சியம் போட்டால் 7 < 15, சரி. −5 போட்டால் 17 < 15 என்று வரும், அது பிழை. அப்போ −5 விடைக்குள் இல்லை.

இன்றிரவு 5 − 3ம ≥ 11 ஐ இரண்டு வழியிலும் செய்யச் சொல்லுங்கள். ம ≤ −2 என்று வரவேண்டும். −2 உம் விடைக்குள் அடங்குவதால் எண்கோட்டில் அந்த இடத்தில் நிழற்றிய வட்டம் போட வேண்டும். இரண்டு வழியும் ஒன்றாக வராவிட்டால் கொப்பியைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்த வரியில் பிழைத்தது என்று பார்த்து எழுதுகிறேன்.