3 மாடு வைத்திருப்பவருக்கு மரபணுக் கணிப்பால் என்ன பயன்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஊரில் அப்பா அம்மா 3 கறவை மாடு வைத்திருக்கிறார்கள், டிஎன்ஏ பார்த்தால் கன்றாக இருக்கும்போதே எது நன்றாகக் கறக்கும் என்று சொல்லிவிடலாமாம், நாங்களும் செய்து பார்க்கலாமா?

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு இவன் மாட்டைப் பற்றிப் பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள். படித்தது விலங்கு விஞ்ஞானம், பார்ப்பது டேட்டா வேலை, மாடு நிற்பது கிளிநொச்சியில் மாமி வீட்டில். 2 ஜேர்சி கலப்பு.

முதலில் பதில்: உங்கள் 3 மாட்டையும் தனியாகப் பரிசோதிக்கக் காசு கட்ட வேண்டாம். அதற்காக இது வெறும் கதை என்றும் நினைக்க வேண்டாம்.

நன்றாகக் கறக்கும் கன்று வேண்டுமென்றால் நல்ல காளையைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஆனால் காளை பால் கறக்காது, அதுதான் ஆதிப் பிரச்சினை. அது நல்ல காளையா என்று அறிய அதன் மகள்கள் பிறந்து, நாகாகி, கன்று போட்டு, கறந்து காட்ட வேண்டும். சினைக்காலம் மட்டும் 9 மாதத்துக்கு மேல், பிறகு நாகு வளர 2 வருடத்துக்கு மேல், அப்புறம் ஒரு கறவைக்காலம். முடிவு வரும்போது காளைக்கு 5, 6 வயது. 2001இல் மியூவிசன், ஹேய்ஸ், கொடார்ட் என்ற மூவர் ஒரு கட்டுரையில், பாலுக்கு எந்த மரபணு காரணம் என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்காமல், மரபணுத்தொகுதி முழுவதும் பரவிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகளுக்கும் ஒரே நேரத்தில் ஆளுக்குக் கொஞ்சம் மதிப்புப் போட்டுக் கூட்டிப் பார்க்கலாம் என்று காட்டினார்கள். மரபணுக் கணிப்பு என்பது இதுதான். சில வருடங்களில் டிஎன்ஏவில் சுமார் 50,000 இடங்களை ஒரே தடவையில் வாசிக்கும் சிப் வந்தது. 2009 ஜனவரியில் அமெரிக்கா ஹோல்ஸ்டீன், ஜேர்சி என்ற இரண்டு கறவை இனங்களுக்கும் இதை அதிகாரபூர்வமாக்கியது. அங்கே ஹோல்ஸ்டீன் காளைகளின் தகப்பன் காளைகளுக்கு முன்பு சராசரி வயது 7க்குக் கிட்ட இருந்தது, இப்போது இரண்டரைக்குக் கிட்ட வந்துவிட்டது.

சரி, அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது? டிஎன்ஏவும் பால் கணக்கும் இரண்டும் கையில் உள்ள மாடுகளிடமிருந்துதான். எந்த மாடுகளைப் பார்த்துக் கற்றதோ, அவற்றின் சொந்தபந்தத்துக்குத்தான் கணிப்பு நன்றாகப் பலிக்கும். குளிர் நாட்டில் தீவனம் கொட்டி வளர்த்த ஹோல்ஸ்டீனில் கற்ற கணக்கை, சித்திரை வெயிலில் வைக்கோலும் கொஞ்சம் புண்ணாக்கும் தின்னும் சாஹிவால் (வெப்பநாட்டு இனம்) கலப்பு மாட்டில் போட்டுப் பார்த்தால் எண் என்னவோ வரும். அதை நம்பிக் காசு கொடுக்க நான் தயாரில்லை.

சிறு பண்ணையில் இன்னொரு சிக்கல். மாமியின் சிவப்பி ஒரு நாளைக்கு 7 லீற்றர் கறக்கிறாள், பக்கத்து வளவு மாடு 4. சிவப்பி நல்ல சாதியா, மாமி நன்றாகத் தீன் போடுகிறாவா? ஒரு வீட்டில் 200 மாடு நின்றால் எல்லாம் ஒரே தீன், ஒரே தண்ணீர், வித்தியாசம் மாட்டுடையது என்று ஓரளவுக்குச் சொல்லலாம். வீட்டுக்கு ஒன்றிரண்டு நிற்கும் இடத்தில் மாட்டையும் வீட்டையும் பிரிக்கவே முடியாது. தகப்பன் காளை எது என்ற குறிப்பும் பெரும்பாலும் இருக்காது.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஒரே காளையின் மகள்கள் 100 வீடுகளில் சிதறிக் கிடந்தாலும், யார் யாருக்கு அக்கா தங்கை என்று எவரும் எழுதி வைக்காவிட்டாலும், டிஎன்ஏ அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அவர்கள் நல்ல வீடு, கெட்ட வீடு, தண்ணீர் இல்லாத வீடு என்று எல்லா இடத்திலும் நின்று கொஞ்சம் கூடக் கறக்கிறார்களா? அப்படியென்றால் அந்தக் கூடுதல் காளையுடையது. ஆக உங்கள் 3 மாட்டை வைத்து ஒன்றும் தெரியாது, ஆனால் உங்களைப் போல ஆயிரக்கணக்கான வீட்டு மாடுகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும். தான்சானியா, எத்தியோப்பியாவில் சிறு பண்ணைகளை வைத்து இப்படித்தான் செய்கிறார்கள், இந்தியாவும் தன் மாட்டினங்களுக்கென்று தனிச் சிப் செய்திருக்கிறது. கிழக்கு ஆபிரிக்காவில் டிஎன்ஏ பார்த்தபோது, "இது முக்கால் வாசி சீமை மாடு" என்று சொந்தக்காரர் சொன்னதும் உள்ளே இருந்ததும் பல மாடுகளில் ஒத்துப்போகவில்லையாம். நம் ஊரில் பார்த்தால் எத்தனை "ஜேர்சி" தேறுமோ!

சிப்புக்கு வேண்டிய மாதிரி எடுப்பது சின்ன வேலை. வால் குஞ்சத்தில் ஒரு கொத்து மயிரை வேரோடு பிடுங்கி உறையில் போட்டால் போதும் (உதைக்காத பக்கமாக நில்லுங்கள்). கஷ்டம் பால் கணக்கில்தான். போன வருடம் மாமியிடம் ஒரு சிஆர் கொப்பி கொடுத்து, காலையும் பின்னேரமும் எழுதச் சொன்னேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் எல்லா நாளும் 5 போத்தல், 2 போத்தல். அது கறந்த பால் இல்லை, சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுத்த பால். வீட்டுத் தேத்தண்ணிக்கு எடுத்தது இல்லை, அயல் வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தது இல்லை, கன்று குடித்தது கடவுளுக்குத்தான் வெளிச்சம். கேட்டால், "தம்பி, என்ர மாடு எவ்வளவு கறக்குமெண்டு எனக்குத் தெரியாதே? கொப்பியே வந்து சொல்லோணும்?" என்றா. மாமிக்குத் தெரியும்தான். கணினிக்குத் தெரியாதே.

லீற்றரை மட்டும் பார்ப்பதும் சரியில்லை. நமக்கு விலை கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மத்தையும் பார்த்துத்தான் போடுகிறார்கள். டிஜிஏடி1 என்று ஒரு மரபணு உண்டு, அதன் ஒரு வடிவம் கொழுப்பைக் கூட்டும், பால் அளவைக் குறைக்கும். எது லாபம் என்பது யாருக்கு விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: மரபணுக் கணிப்பு உங்கள் வளவுக்கு வருவதென்றால் சினை ஊசிக் குழாய்க்குள்தான் வரும், கணிப்பில் தேறிய காளையின் விந்தாக, கால் மில்லிலீற்றரில். ஊசி போட வருபவரிடம் குழாயில் அச்சடித்திருக்கும் காளை எண்ணைக் கேட்டு, தேதியோடு எழுதி வைக்கட்டும். வெறும் குழாயைக் குப்பையில் போட வேண்டாம். கன்றுக்குக் காதுப் பட்டி போட்டால் அந்த எண்ணையும் பக்கத்தில் எழுதட்டும். நாளைக்கு நாட்டளவில் ஒரு திட்டம் வந்தால் விலை போவது இந்தக் குறிப்புத்தான். பரிசோதனைக்கென்று ஒதுக்கிய காசு இருந்தால், இரவிலும் மாட்டுக்கு முன்னால் தண்ணீர் நிற்கும்படி ஒரு தொட்டி கட்டுங்கள். பாலில் 87 சதவீதம் தண்ணீர்.

மாமி வீட்டில் கொப்பி கைவிடப்பட்டது. ஆனால் குசினிக் கதவின் உட்பக்கம் சோக்கால் காளை எண், தேதி, இரண்டும் இருக்கின்றன. அந்த எண்ணுக்குச் சிவப்பி போன மாதம் கன்று போட்டாள். நாம்பன், ஆண் கன்று. மாமி ஒரு கிழமை என்னோடு சரியாகப் பேசவில்லை.