சூரியப் புயல் நிலநடுக்கோட்டுப் பகுதி அயனி மண்டலத்தை எப்படிப் பாதிக்கிறது?

துருவ ஒளியே தெரியாத பகுதிகளுக்குச் சூரியப் புயலால் என்ன வரப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே வரும். சாதாரண நாளிலேயே அங்கே அயனி மண்டலத்தின், அதாவது மின்னூட்டம் பெற்ற மேல் வளிமண்டலத்தின், நிலைமை கொஞ்சம் குழப்பம்தான்.

காந்த நடுக்கோட்டில் புவியின் காந்தக் கோடுகள் தரைக்குக் கிடையாக ஓடுகின்றன. பகலில் கிழக்கு நோக்கிய மின்புலம் பிளாஸ்மாவை, அதாவது அந்த மண்டலத்தின் மின்னூட்டத் துகள் கூட்டத்தை, மேலே தூக்குகிறது. அது அந்தக் கோடுகள் வழியே சரிந்து, இருபுறமும் சுமார் 15 பாகையில் குவிகிறது. சூரியன் மறைந்ததும் கீழடுக்கு வேகமாகக் கரைய, மேலடுக்கு இன்னும் உயரும். கனமானது மேலே, லேசானது கீழே. எண்ணெய்மேல் தண்ணீர் ஊற்றினால் நிற்குமா? அடர்த்தி குறைந்த குமிழ்கள் கிளம்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரும். அவற்றின் ஊடே வரும் ஜிபிஎஸ் சிக்னல் மினுக்கும்; சிலசமயம் ரிசீவர் செயற்கைக்கோளையே தவறவிடும்.

சரி, புயல் என்ன செய்கிறது? சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்களான சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கே திரும்பினால், துருவப் பகுதி மின்புலம் சட்டென்று நடுக்கோடு வரை ஊடுருவும். அந்த நேரம் அங்கே மாலையாக இருந்தால் குமிழ்கள் பெருகும். சில மணி நேரம் கழித்து, துருவத்தில் சூடேறிய காற்று உண்டாக்கும் எதிர் மின்புலம் அதே குமிழ்களை அடக்கிவிடவும் செய்யலாம். அதனால் புயலின் பலத்தை மட்டும் பார்த்துக் கணிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளூர் நேரத்தையும் பார்க்க வேண்டும்.

சூரியத் தீப்பிழம்பு, அதாவது சூரியனில் திடீரென வெடிக்கும் கதிர்வீச்சு, வேறு கதை. அதன் எக்ஸ் கதிர் சுமார் 8 நிமிடங்களில் வந்து சிற்றலை வானொலியை முடக்கும். சூரியன் உச்சியில் நிற்கும் இடத்தில்தான் அடி அதிகம்.