டீசல் எஸ்டேட் கார் (பின்பக்கம் நீண்டு, சாமான் வைக்க இடம் அதிகமுள்ள கார்) குடும்பத்துக்குச் சரிவருமா? ஓட்டுநர் உதவி வசதிகளை எவ்வளவு நம்பலாம்?

அது உங்கள் ஓட்டத்தைப் பொறுத்தது. தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும்தான் என்றால் டீசல் வேண்டாம். காரணம், புகைபோக்கியில் இருக்கும் டிபிஎஃப் எனும் கரித்துகள் வடிகட்டி. அதில் சேரும் கரியை எரிக்க சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் போல ஒரே சீராகப் போனால் வேலை தானாக முடியும். பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எரியாத டீசல் இன்ஜின் ஆயிலிலும் கலக்கும். வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் இரைந்துகொண்டிருக்கிறதா, கருகல் வாடை வருகிறதா? கரி எரிப்பு பாதியில் நின்றிருக்கலாம். இன்னொரு சுற்று போய்விட்டு வாருங்கள்.

புகையின் நச்சைக் குறைக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் ஆட்புளூ திரவம் தீர்ந்தால் ஓடும் வண்டி நிற்காது. ஆனால் அணைத்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. எச்சரிக்கை முன்கூட்டியே வரும், அலட்சியம் வேண்டாம்.

அப்புறம் உதவி வசதிகள். நீண்ட பயணத்தில், முன்வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல் உண்மையிலேயே கால்வலியைக் குறைக்கிறது. முன்னால் ஓடும் வண்டியோடு இடைவெளியை நன்றாகவே காக்கும். ஆனால் வேகமாகப் போகும்போது எதிரே அசையாமல் நிற்கும் வண்டியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். அதனால் பிரேக் மேல் கவனம் இருக்கட்டும். வண்டியைச் சாலைக் கோடுகளுக்குள் வைத்திருக்க உதவும் லேன் அசிஸ்ட் கேமராவை நம்பியிருப்பது. கோடு அழிந்திருந்தாலோ முன்கண்ணாடி அழுக்காக இருந்தாலோ தடுமாறும். குறுகிய சாலையில் ஸ்டீயரிங்கை இழுத்துத் தொல்லை தரும். அங்கே நான் அணைத்துவிடுவேன். பின்னால் சைக்கிள் கேரியர் மாட்டினால் பார்க்கிங் சென்சார் ஓயாமல் கத்தும், அதையும் அணைத்துவிடுவேன்.