கேளுங்கள் சொல்கிறோம்: நிலக்கரியால் பிறந்த ஊர்

கேள்வி: நெய்வேலி எப்படி நகரமானது? சுரங்கத்தில் இரவும் பகலும் தண்ணீர் இறைப்பது ஏன்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்புப் பொருளும் வெளிப்பட்டது. அதுதான் பழுப்பு நிலக்கரி. ஆய்வுகள் நீண்டன. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (என்.எல்.சி.) பதிவானது. 1957-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1962-ல் மின் உற்பத்தி தொடங்கியது.

பழுப்பு நிலக்கரியைக் கையில் எடுத்துப் பாருங்கள், மரத்தின் நார் ஓட்டம் தெரியும். எடையில் ஏறக்குறையப் பாதி ஈரம். வெயிலில் காய்ந்தால் வெடித்து உதிரும். குவித்துப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். தொலைவுக்கு ஏற்றிப்போனால் பாதிக் கூலி தண்ணீருக்குத்தான். அதனால் அனல்மின் நிலையம் சுரங்கத்தின் வாசலிலேயே அமைந்தது. பணியாளர்களுக்காக ‘வட்டம்’ எனப்படும் பகுதிகளாகப் பிரித்த நகரியமும் எழுந்தது. நிலம் கொடுத்த கிராமத்தார் இடம்பெயர்ந்ததையும் இந்த வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும்.

இனி தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கித் தள்ளுகிறது. மேல்மண்ணை அகற்றினால் அமுக்கி வைத்திருந்த பாரம் போய்விடும். சுரங்கத் தரை பிளந்து வெள்ளம் புகும். ஆகவே ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, பம்புகளை நிறுத்தாமல் ஓட்டி அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் நீர்மட்டம் இறங்குவதாக விவசாயிகள் கவலைப்படுவது இதனால்தான்.

உங்கள் மன்னார்குடிப் பக்கமும் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி உண்டு. 2020-ல் காவிரி டெல்டா, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி ஆகிய மூன்றும் மத்திய அரசின் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.