பழைய கணினியில் லினக்ஸ்: ஹார்ட் டிஸ்க் தெரியாவிட்டால் என்ன செய்வது? கேள்வி பதில்

கேள்வி: சார், பென்டியம் 4 மெஷினில் லினக்ஸ் இன்ஸ்டாலர் 'டிஸ்க் எதுவும் இல்லை' என்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பயாஸிலிருந்து, அதாவது கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருளிலிருந்து. அங்கே டிஸ்க்கின் மாடல் எண் வராவிட்டால் லினக்ஸில் எதை மாற்றியும் பயனில்லை. முதலில் கேபிள், பவர், ஜம்பர் (டிஸ்க்கின் பின்களில் மாட்டும் சின்ன இணைப்பு) மூன்றையும் பாருங்கள். பயாஸில் தெரிந்து இன்ஸ்டாலரில் தெரியவில்லையா? கன்ட்ரோலர் ரெய்டு மோடில் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறை) இருக்கலாம், அல்லது முன்பு ரெய்டில் ஓடிய டிஸ்க்கில் அதன் பழைய அடையாளம் அழியாமல் இருக்கலாம். லைவ் சிடியில் பூட் செய்து, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை கொடுங்கள். அதில் எஸ்டிஏ (முதல் டிஸ்க்குக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்) வந்துவிட்டால், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் டிஸ்க்கைப் பார்த்துவிட்டது, சிக்கல் அதற்குப் பிறகுதான். எந்தக் கட்டத்தில் தடைபடுகிறது என்று தெரியாமல் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

கேள்வி: ஐடிஇ (பழைய அகலக் கேபிள் வகை) டிஸ்க்கையும் டிவிடி டிரைவையும் ஒரே கேபிளில் மாட்டினால் இரண்டுமே காணவில்லை.

பதில்: இரண்டிலும் ஜம்பர் 'மாஸ்டர்' நிலையில் இருக்கும். ஒன்றை 'ஸ்லேவ்' ஆக்குங்கள், அல்லது இரண்டையும் 'கேபிள் செலக்ட்'டில் வையுங்கள். 80 வயர் கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கடைசியில் உள்ள கறுப்பு மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு. ஒரே டிஸ்க் என்றால் கறுப்பு முனையில்தான் மாட்ட வேண்டும். நடுவில் மாட்டி முனையைத் தொங்கவிட்டால் சிக்னல் எதிரொலித்துப் பிழை வரும். வெஸ்டர்ன் டிஜிட்டல் ஐடிஇ டிஸ்க்குகளில் இன்னொன்றையும் கவனியுங்கள்: தனியாக இருக்கும்போது ஒரு ஜம்பர் நிலை, ஸ்லேவோடு மாஸ்டராக இருக்கும்போது வேறு நிலை. மேலே ஒட்டிய லேபிளில் படம் போட்டிருப்பார்கள்.

கேள்வி: வியா சிப்செட் போர்டில் புது சாட்டா (ஐடிஇக்குப் பின் வந்த மெல்லிய கேபிள் வகை) டிஸ்க் தெரியவே இல்லை. பழைய சாட்டா டிஸ்க் நன்றாக ஓடுகிறது. டிஸ்க் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. விடி8237, விடி8237ஆர் சிப்கள் 1.5 ஜிகாபிட் வேகம் மட்டுமே அறிந்தவை. 3 ஜிகாபிட் டிஸ்க்கோடு வேகத்தைப் பேசி முடிக்கத் தெரியாமல் நின்றுவிடும். டிஸ்க்கின் பின்புறம் ஜம்பர் பின்கள் இருந்தால் லேபிளில் காட்டியபடி 1.5 ஜிகாபிட்டுக்கு மாற்றுங்கள். பின்களே இல்லையென்றால் வேறு சிப் உள்ள பிசிஐ சாட்டா கார்டுதான் வழி.

கேள்வி: அண்ணா, டெபியன் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கை வேறு பழைய மெஷினில் மாட்டினேன். கிரப் மெனு வருகிறது, கர்னலும் ஏறுகிறது, பிறகு 'யூயூஐடி இல்லை' என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் பிராம்ப்ட்டில் நின்றுவிடுகிறது. கிரப்புக்குத் தெரிந்த டிஸ்க் கர்னலுக்கு ஏன் தெரியவில்லை?

பதில்: கர்னலை ஏற்றிவிடும் பூட் லோடரான கிரப் டிஸ்க்கைப் படிப்பது பயாஸ் வழியாக. கர்னல் ஏறியதும் பயாஸை விட்டுவிட்டுத் தன் டிரைவரைத் தேடும். அந்த டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (கர்னலோடு சேர்ந்து ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) இல்லாவிட்டால் டிஸ்க் இருந்தும் இல்லாததுதான். அந்த பிராம்ப்ட்டிலேயே 'கேட்' கட்டளையால் ப்ராக் ஃபோல்டரில் உள்ள பார்ட்டிஷன்ஸ் கோப்பைப் பாருங்கள்.

பட்டியலில் எஸ்டிஏ1 இருந்தால் பத்து நொடி விட்டு 'எக்ஸிட்' அடியுங்கள். பூட் தொடர்ந்தால், டிஸ்க் தயாராகத் தாமதமாகிறது என்று பொருள். கர்னல் வரியில் ரூட்டிலே=10 ('ரூட்', 'டிலே' இரண்டும் சேர்ந்த ஒரே சொல்) சேர்த்தால் தீர்ந்தது. எஸ்டிஏ1 இருந்தும் தொடரவில்லை என்றால் யூயூஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) பொருந்தவில்லை. பிஎல்கேஐடி கட்டளை காட்டுவதோடு ஒப்பிடுங்கள்.

டிஸ்க்கே பட்டியலில் இல்லையென்றால் டிரைவர் இல்லை. லைவ் சிடியில் எல்எஸ்பிசிஐ -கே கொடுத்தால் கன்ட்ரோலருக்கு எந்த மாட்யூல் (டிரைவர்) வேலை செய்கிறது என்று காட்டும். பழைய இன்டெல் என்றால் பெரும்பாலும் ஏடிஏ_பிக்ஸ், வியா ஐடிஇ என்றால் பாடா_வியா, சிஸ் சிப்செட் என்றால் பாடா_சிஸ். டிஸ்க்கின் ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து (தனி பூட் பார்ட்டிஷன் இருந்தால் அதையும்), டெவ், ப்ராக், சிஸ் ஃபோல்டர்கள் மூன்றையும் பைண்ட் செய்து, சிஹெச்ரூட் கட்டளையால் டிஸ்க்கிலுள்ள டெபியனுக்குள் நுழையுங்கள். இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸின் கான்ஃபிக் கோப்பில் மாட்யூல்ஸ்=டெப் என்றிருந்தால் 'மோஸ்ட்' என மாற்றுங்கள். உங்கள் சிக்கலுக்கு இதுதான் முதல் சந்தேகம்: 'டெப்' என்றால் டிஸ்க் முன்பு இருந்த மெஷினுக்குத் தேவையான டிரைவர்கள் மட்டுமே உள்ளே போயிருக்கும். பிறகு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல் கட்டளை கொடுங்கள். பூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்ய மறந்தால் புதுக் கோப்பு தவறான இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், பலரும் தடுக்கி விழும் இடம் இது.

கேள்வி: எஃப்எஸ்டேப்பில் (எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் கோப்பு) எச்டிஏ1 என்று இருக்கிறது. புதுக் கர்னலில் அது தெரியவில்லை.

பதில்: இப்போதைய லிப்ஏடிஏ டிரைவர்களில் ஐடிஇ டிஸ்க்கும் எஸ்டிஏ என்றுதான் வரும். எச்டிஏ என்று பெயர் வைத்த பழைய ஐடிஇ டிரைவரை 2021இல் கர்னல் 5.14 முற்றிலும் நீக்கிவிட்டது. எஃப்எஸ்டேப்பிலும் கிரப்பின் ரூட் வரியிலும் யூயூஐடி போட்டுவிடுங்கள்.

கேள்வி: 250 ஜிபி டிஸ்க்கை பயாஸ் 137 ஜிபி என்கிறது. மாதக்கணக்கில் நன்றாக ஓடியது, கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு கிரப்பில் பிழை.

பதில்: 28 பிட் முகவரியின் எல்லை அது. 26,84,35,456 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட், ஏறத்தாழ 137 ஜிபி. லினக்ஸ் ஏறிய பிறகு முழு டிஸ்க்கும் தெரியும், அதனால் புதுக் கர்னல் கோப்பு எல்லைக்கு அப்பால் போய் எழுதப்பட்டிருக்கும். பயாஸை நம்பியிருக்கும் கிரப்பால் அங்கே எட்ட முடியாது. டிஸ்க்கின் தொடக்கத்தில் 1 ஜிபிக்குத் தனி பூட் பார்ட்டிஷன் வையுங்கள்.

கேள்வி: சில நாள் தெரிகிறது, சில நாள் இல்லை.

பதில்: தெரிகிற நாளிலேயே முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையைப் பாருங்கள். ஐசிஆர்சி என்று பிழை வந்தால் பெரும்பாலும் கேபிள். யூஎன்சி என்றால் டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர். டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் அட்டவணையில் 199ஆம் எண் வரியின் மதிப்பு ஏறினால் கேபிளை மாற்றுங்கள், 5 அல்லது 197ஆம் எண் வரியின் மதிப்பு ஏறினால் டிஸ்க்கையே மாற்றுங்கள். கூடவே தேதியும் பழையதாகிவிடுகிறது என்றால் போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, பயாஸில் நீங்கள் வைத்த டிஸ்க் செட்டிங் அழிந்துபோகிறது.